இரண்டு சித்தூர், மூன்று பாடத்திட்டம்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதியிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. மறையூரிலிருந்து உடுமலைக்கும் குமுளியிலிருந்து கம்பத்துக்கும் போகிறார்கள். ஆந்திரச் சித்தூர் பக்கம் போனால் நகரியிலிருந்து திருத்தணி, குப்பத்திலிருந்து வாணியம்பாடி, சித்தூர் நகரத்திலிருந்து காட்பாடி. எதிர்த் திசையிலும் இதே போக்குவரத்து நடக்கிறது. அப்பாவின் வேலை மாறும், பாட்டி வீட்டில் தங்க வேண்டி வரும், தமிழ் வழி வகுப்பு ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். காரணம் எதுவானாலும் பேருந்தில் அரை மணி நேரம் போனால் பாடத்திட்டமே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தின் செலவை ஏற்பது பிள்ளைதான். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்ற மூன்று மாநில வாரியங்களில் எதுவும் அதில் பங்கு எடுத்துக்கொள்வதில்லை.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'எல்லா மாநிலத்துக்கும் ஒரே புத்தகம் வைத்துவிட்டால் தீர்ந்தது' என்று யாராவது சொல்கிறார்கள். அது தீர்வும் இல்லை, தேவையும் இல்லை. அண்டை நாடுகள் தங்கள் கல்வியை ஒன்றோடொன்று பொருத்திய இடங்களைப் பார்த்தாலே இது தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் 1952இல் ஒரு பொதுத் தேர்வு மன்றம் வந்தது. இன்றைக்கு நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா, லைபீரியா ஆகிய ஐந்து நாடுகளும் அதில் இருக்கின்றன. கரீபியத் தீவு நாடுகள் 1972இல் இதேபோல் ஒரு தேர்வு மன்றத்தை அமைத்தன. அங்கெல்லாம் பொதுவாக இருப்பது தேர்வும் அதற்கான பாடத்திட்டமும் சான்றிதழின் மதிப்பும்தான். அதற்கு முந்தைய வகுப்புகளில் எந்தக் கதையைப் படிப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. ஐரோப்பாவில் 1999இல் போலோக்னா நகரில் 29 நாடுகள் கையெழுத்திட்டபோதும் பல்கலைக்கழகப் பாடங்களை ஒன்றாக்கவில்லை. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற அளவுகோலைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். பட்டச் சான்றிதழோடு ஓர் இணைப்புத் தாளும் உண்டு. படிப்பின் நிலை, பாடங்கள், மதிப்பெண் முறை, அந்த நாட்டுக் கல்வி அமைப்பு எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஊர் மாறிப் போகிறவரின் கையில் அந்தத் தாள் இருந்தால் அவரிடம் யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

உள்ளூர் அனுபவமும் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகை இருந்ததை 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே சமச்சீர்க் கல்வியாக்கியது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரே மாநிலம், ஒரே கல்வித் துறை, அப்படியிருந்தும் அவ்வளவு இழுபறி. மூன்று மாநிலங்களுக்கு ஒரே புத்தகம் என்று காத்திருந்தால் இப்போது ஆறாவது படிக்கும் பிள்ளை கல்லூரியையே முடித்துவிடும்.

ஆகவே, இருப்பதை வைத்து எல்லைப் பிள்ளை எங்கே தட்டுப்படுகிறது, அங்கே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எந்த வகுப்பில் மாறுவது

கேரளத்தில் எல்.பி. பள்ளி 4ஆம் வகுப்போடு முடிகிறது, யு.பி. 5 முதல் 7, ஹைஸ்கூல் 8 முதல் 10. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி 5 வரை, நடுநிலை 8 வரை, உயர்நிலை 10 வரை. கேரளத்தில் நாலாவது முடித்து டி.சி. வாங்கி வரும் பிள்ளையைத் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் ஒரே வருடத்தில் மறுபடியும் டி.சி. வாங்க வேண்டும். எட்டாவதுக்கு நடுநிலைப் பள்ளியில் சேர்த்தாலும் இதே கதைதான். முடிந்தால் 6 முதல் 10 வரையோ 12 வரையோ உள்ள பள்ளியாகப் பார்த்து ஆறாவதில் மாற்றுவது நல்லது. மொழிப்பாட இடைவெளியை நிரப்ப அப்போதுதான் நான்கு ஆண்டு கிடைக்கும். பத்தாவதில் மாற்றுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஒன்பதாவது அதற்கு அடுத்த கெடுதல்.

மொழிப்பாடம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்தான். கேரளத்தில் யு.பி. வகுப்பிலிருந்தே இந்தி இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வான எஸ்.எஸ்.எல்.சி.யிலும் தாளாக வருகிறது. ஆந்திரத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வான எஸ்.எஸ்.சி.யிலும் இந்தி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எட்டாவதுக்குக் கேரளம் போகும் பிள்ளை இந்தி எழுத்தே தெரியாமல் மூன்று வருடப் பாடத்துக்குப் பின்னால் நிற்கும். மாற்றம் உறுதி என்று தெரிந்த நாளிலிருந்து எழுத்து, உயிர்மெய் வரிசை, எளிய வாக்கியம் படித்தல் வரை வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும். கோடை விடுமுறை இரண்டு மாதம் அதற்குப் போதும். இலக்கணத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், எழுத்துக்கூட்டுவதற்கு வகுப்பில் நேரம் இருக்காது.

மலையாளமும் தமிழும்: கேரளத்தில் பத்தாவது வரை மலையாளம் கற்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியது. குப்பத்தில் தெலுங்கு வழியில் படித்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தமிழ்நாட்டில் ஒன்பதாவது சேர்ந்தால் பேசும் தமிழ் இருக்கும், எழுதும் தமிழ் இருக்காது. மொழித்தாள் விலக்கு கிடைக்குமா என்பதைச் சேரும் நாளிலேயே தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போன பிறகு கேட்டால் யாராலும் உதவ முடியாது.

கேரளத்தில் இன்னொன்றும் சேரும்: ஐ.டி. தனிப்பாடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் அதற்குத் தேர்வு உண்டு, கணினியில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் கொடுக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் எல்லாம் நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளை லிப்ரே ஆஃபிஸ், இங்க்ஸ்கேப், எளிய பைத்தான் மூன்றையும் தொட்டுப் பார்த்திருந்தால் பயம் போய்விடும். மூன்றும் இலவசம். அறிவியலில் உள்ளடக்கம் பெரிதாக மாறாது, தாள்தான் மாறும். தமிழ்நாட்டில் ஒரே அறிவியல் தாள், 75 எழுத்து, 25 செய்முறை. கேரளத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனித் தாள்.

கணக்கு: எல்லாவற்றையும் விடப் பெரிய பள்ளம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன்னில் சேரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சேர்க்கை நேரத்தில் இதை யாரும் சொல்வதும் இல்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் உறவுகளும் சார்புகளும் என்ற பாடத்தில் தொடங்குகிறது. பெருக்குத் தொடர் வரிசை, மூன்று மாறிச் சமன்பாடுகள், அணிகள் எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. கணங்கள் ஒன்பதாவதிலேயே முடிந்திருக்கும். கேரள எஸ்.எஸ்.எல்.சி. கணக்கின் பலம் வேறு. வட்டம், தொடுகோடு, கூட்டுத் தொடர் வரிசை, இருபடிச் சமன்பாடு, ஆயத்தொலைவுகள், திண்ம உருவங்கள் ஆகியவற்றை வரைந்தும் யோசித்தும் ஆழமாகப் பார்க்கிறது. யோசிக்கப் பழகிய பிள்ளைதான் வருகிறது. ஆனால் அணியும் சார்பும் அதற்குப் புதிது.

கேரளப் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கும் அறிவியலும் மத்திய அரசு நிறுவனமான என்சிஇஆர்டியின் புத்தகம்தான். அதன் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு கணங்களிலிருந்தே தொடங்குவதால் கேரளப் பிள்ளைக்கு இடைவெளி இல்லை. தமிழ்நாட்டுப் பத்தாவது முடித்துக் கேரளம் போகும் பிள்ளைக்கும் கணக்கில் நட்டமில்லை, முதல் இரண்டு பாடம் பழகியதாகவே இருக்கும். எதிர்த் திசையில்தான் சிக்கல். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் அணிகளும் அணிக்கோவைகளும் வருகின்றன, வெக்டர் வருகிறது, வகை நுண்கணிதத்தோடு தொகை நுண்கணிதமும் வருகிறது. என்சிஇஆர்டியில் அணி, அணிக்கோவை, வெக்டர், தொகையிடல் எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பில்தான்.

இதன் விளைவைப் பாருங்கள். கேரளத்தில் பிளஸ் ஒன் முடித்த பிள்ளை தமிழ்நாட்டில் பன்னிரண்டாவது புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அணிகளின் பயன்பாடு. அடிப்படை அணிக்கணக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. வெக்டர் பயன்பாடு, தொகையிடலின் பயன்பாடு ஆகியவையும் அப்படியே. பிள்ளை மக்கு என்று வகுப்பில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் ஒரு வருடப் பாடத்தில் மூன்று பெரிய பகுதியை அந்தப் பிள்ளைக்கு யாரும் நடத்தவே இல்லை. கலப்பெண்ணும் கூம்பு வெட்டுகளும் மட்டும் அதற்குச் சாதகம். என்சிஇஆர்டியில் பதினொன்றில் படித்தவை தமிழ்நாட்டில் பன்னிரண்டில் மறுபடி வரும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வந்த கேரள எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைக்கு ஆசிரியர் செய்யக்கூடியது இது. ஜூன் மாதம் முதல் மூன்று வாரம், பள்ளி முடிந்த பின் நாள்தோறும் 45 நிமிடம். முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புக் கணங்களும் பத்தாம் வகுப்பு உறவுகளும் சார்புகளும். இரண்டாம் வாரம் பெருக்குத் தொடர், மூன்று மாறிச் சமன்பாடு. மூன்றாம் வாரம் அணிகள்: வரிசை, கூட்டல், பெருக்கல், நிரல்-நிரை மாற்று. பயிற்சிக் கணக்குகளைத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டும். குறியீடும் சொல்லும் அப்போதே பழகிவிடும். பன்னிரண்டாவதுக்கு நேராக வருகிற பிள்ளைக்கு மூன்று வாரம் போதாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியோடு உட்கார வேண்டும்.

ஆந்திரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இன்டரின் முதலாண்டிலும் 2025-26 முதல் என்சிஇஆர்டி பாடம் வந்துவிட்டது. இரு பக்கத்து அண்டை மாநிலமும் மேல்நிலையில் ஒரு வரிசையில் போக, தமிழ்நாடு வேறு வரிசையில் போகிறது. தமிழ்நாடு தன் பாடநூலைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. 2018லும் 2019லும் வந்த இந்தப் புத்தகங்கள் உழைப்போடு எழுதப்பட்டவை. எந்தப் பகுதி எந்த வகுப்பில் வருகிறது என்று பக்கம் பக்கமாகப் பொருத்திக் காட்டும் ஓர் அட்டவணையை அரசே வெளியிட்டால் போதும். அட்டவணை போடும்போது பாடத் தலைப்பை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். 'முக்கோணவியல்' இரண்டு புத்தகத்திலும் இருக்கும், ஆழம் வேறாக இருக்கும். பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். எந்த வகுப்பில் அறிமுகம், எந்த வகுப்பில் தேர்வு, எத்தனை பிரிவேளை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். கேரளத்தில் 2024லும் 2025லும் ஒன்று முதல் பத்து வரை புத்தகங்கள் மாறிவிட்டன. எனவே எந்தப் பதிப்பை வைத்து ஒப்பிட்டோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய புத்தகத்தை வைத்துப் போட்ட அட்டவணை தவறான இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கும்.

பிளஸ் ஒன் முடித்துப் பிளஸ் டூவுக்கு மாறுவது

கூடுமானவரை வேண்டாம். கேரளத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு ஆண்டும் சேர்த்து 200 மதிப்பெண், ஆறு பாடத்துக்கு 1200. முதலாண்டு மதிப்பெண் இறுதி மதிப்பெண்ணில் சேரும். ஆந்திர இன்டரிலும் இரண்டு ஆண்டும் சேர்த்து 1000. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு 600 மட்டுமே. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவு பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லைப் பிள்ளைக்கு ஒரு கதவு அடைபட்டது. தமிழ்நாட்டில் பதினொன்றாவது முடித்தவரின் கையில் வாரிய முத்திரை போட்ட மதிப்பெண் எதுவும் இப்போது இல்லை. முதலாண்டு மதிப்பெண்ணையும் கூட்டும் வாரியம் அவருக்கு எதை வைத்துக் கூட்டும்? இரண்டு ஆண்டையும் ஒரே மாநிலத்தில் முடிப்பதாகத் திட்டமிட்டே பத்தாவதுக்குப் பின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தரமும் மதிப்பெண்ணும்

கேரள எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் தரம்தான் அச்சாகிறது. 90 முதல் ஏ பிளஸ், 80 முதல் ஏ, 70 முதல் பி பிளஸ், இப்படியே இறங்கி 30 முதல் டி பிளஸ், அதுவரை தேர்ச்சி. தமிழ்நாட்டில் தேர்ச்சிக்கு 35. பி பிளஸ் வாங்கிய பிள்ளையின் உண்மை மதிப்பெண் 70ஆகவும் இருக்கலாம், 79ஆகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி அலுவலகத்தில் அதை 70 என்று எழுதிவிட்டால் ஒரு பாடத்துக்கு 9 வரை போகும், ஐந்து பாடத்துக்கு 45 வரை போகும். பெரிய பள்ளிகளில் பிரிவு ஒதுக்கும்போது அந்த 45தான் உயிரியல்-கணிதத்துக்கும் வணிகவியலுக்கும் நடுவே நிற்கும். தரத்தின் எல்லைகளை எழுதி, தொடர் மதிப்பீடு எவ்வளவு, எழுத்துத் தேர்வு எவ்வளவு என்று விளக்கித் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் விவரம் பெற விண்ணப்பிக்கும் வழியைக் கேரளத் தேர்வு அலுவலகமான பரீட்சா பவனில் கேட்டு, தேவைப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள்.

கேரளத்தில் எழுத்துத் தேர்வில் பாடத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்ற விதியும் வகுப்பு வகுப்பாக வந்துகொண்டிருக்கிறது. எட்டில் தொடங்கியது, பத்தாவதை எட்டும்போது பழைய கணக்குகள் மாறும்.

மேல்நிலை மதிப்பெண்ணை ஒப்பிடுவது இன்னும் கடினம். தமிழ்நாட்டு என்ஜினியரிங் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200 கட்-ஆஃப். வேறு வாரியத்துப் பிள்ளைக்கு அந்த வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டு உச்ச மதிப்பெண்ணோடு சமன் செய்கிறார்கள். அந்த வாரியத்தில் உச்சம் 95, இங்கே 100 என்றால், 80 வாங்கியவருக்கு 80ஐ 95ஆல் வகுத்து 100ஆல் பெருக்க 84.21 கிடைக்கும். எளிமையான முறை, யாரும் சரிபார்க்கலாம். எல்லா வாரியத்திலும் யாராவது 100 வாங்கிவிட்டால் மட்டும் இது எதையும் சரிசெய்யாது. ஒரு வாரியம் தாராளமாகவும் இன்னொன்று கறாராகவும் திருத்தினாலும் உச்சம் இரண்டிலும் 100ஆக இருக்க முடியும்.

கேரளத்தின் என்ஜினியரிங் நுழைவுத் தேர்வான கீமில், பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சமன் செய்வதைச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) வைத்துச் செய்யும் முறை இருந்தது. ஒரு வாரியத்தில் சராசரி 70, இன்னொன்றில் 55, இரண்டிலும் திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 85 வாங்கியவர்களில் முதலாமவர் சராசரிக்கு ஒரு விலக்கம் மேலே, இரண்டாமவர் இரண்டு விலக்கம் மேலே. தாராள வாரியத்துப் பிள்ளை இறங்குகிறது. கேரள மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இதனால் இழப்பு என்ற புகார் எழுந்து, 2025இல் தமிழ்நாட்டு முறையை ஒத்த ஒரு வாய்பாட்டுக்கு மாறினார்கள். கணக்கு, இயற்பியல், வேதியியலுக்கு 5:3:2 என்று எடையும் மாறியது. கடைசி நேர மாற்றம் என்று கூறி உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில் தரவரிசைப் பட்டியலையே ரத்து செய்ய, பழைய முறையில் புதுப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. எந்த வாய்பாடு நல்லது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு: சராசரியைப் பார்க்கும் முறையே நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், விண்ணப்பம் தொடங்கும் முன்பே வாய்பாடு அறிவிக்கப்பட்டிருப்பது.

பிறந்த மண், படித்த மண்

பாடத்தைவிட இது பிள்ளைகளை அதிகம் வீழ்த்துகிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் மண்ணில் படித்த ஆண்டுகளை எண்ணுகிறது.

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஏழாவது வரை கொழிஞ்சாம்பாறையில் படித்த பிள்ளைக்கு அது இல்லை. கல்லூரியில் படிப்போருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே எண்ணுகின்றன. என்ஜினியரிங் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத தமிழ்நாட்டுக்காரர் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். ஆறாவதில் மாற்றுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆந்திரத்தில் அரசியல் சாசனத்தின் 371டி பிரிவின் கீழ் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி 85 சதவீத இடம் உள்ளூர் மாணவர்களுக்கு. தகுதித் தேர்வோடு (இன்டர் அல்லது பிளஸ் டூ) முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழி. குப்பத்துப் பிள்ளை மேல்நிலை இரண்டு வருடத்தைக் கிருஷ்ணகிரியில் படித்துவிட்டு ஆந்திரத்தில் என்ஜினியரிங் கேட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கும். கேரளப் பிளஸ் ஒன் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) சேர்க்கையில் உள்ளூர்ப் பஞ்சாயத்து, தாலுகா, கேரள எஸ்.எஸ்.எல்.சி. ஆகியவற்றுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. கோவையில் பத்தாவது எழுதிவிட்டுத் திரும்பும் பாலக்காட்டுப் பிள்ளை அந்தப் புள்ளியை இழந்தே வரிசையில் நிற்கும். சாதிச் சான்றும் அப்படியே. ஒரு மாநிலத்தின் பிற்பட்டோர் பட்டியலை வைத்து அடுத்த மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது, பெரும்பாலும் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள்.

எல்லை வட்டங்களில் தமிழ் வழியில் படித்த ஆண்டுகளையாவது இரு மாநிலங்களும் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த மாவட்டங்களில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி தருவதை அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவே தொடக்க நிலையில் கேட்கிறது. சாசனம் சொன்னபடி தாய்மொழியில் படித்ததற்காக ஒரு பிள்ளை சலுகையை இழப்பது அநியாயம்.

காகிதம்

டி.சி.யில் மாவட்ட அல்லது துணை மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். திரும்பிப் போய் வாங்குவது ஒரு நாள் கூலி. அடுத்தது கணினிப் பதிவு. தமிழ்நாட்டில் எமிஸ், கேரளத்தில் சம்பூர்ணா, நாடு முழுவதற்கும் யுடைஸ் பிளஸ். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்து, எமிஸில் பிள்ளையைக் காமன் பூலுக்கும் யுடைஸில் டிராப் பாக்ஸுக்கும் தள்ளிவிட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். டி.சி. கையில் இருந்தும் 'சிஸ்டத்தில் வரவில்லை' என்று இழுத்தடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யுடைஸின் நிரந்தரக் கல்வி எண்ணை டி.சி.யின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

பெயர் எழுதும் முறையால் வரும் தொல்லை தனி. தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால், ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் விரிவாக முன்னால். ஒரே பிள்ளை மூன்று ஆளாகிவிடும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பள்ளிப் பதிவிலும் இருக்க வேண்டும். எட்டாவது முடிவதற்குள் திருத்திவிடுங்கள். பொதுத்தேர்வுச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

கல்லூரி

தமிழ் படிக்க விரும்புகிறவர்களுக்கு எல்லையின் இரு பக்கமும் இடம் உண்டு. பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரி, திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரி, 1997இல் தொடங்கிய குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். இனி இங்கெல்லாம் பேச்சு கிரெடிட்டில்தான். கேரளத்தில் 2024இல் வந்த நான்காண்டுப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டோடு நிறுத்தினால் 133 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 177. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லும் குறைந்த அளவு 120, 160. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுக்குப் பெரும்பாலும் 140. இந்த மொத்தத்தைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். எம்.ஏ., எம்.எஸ்ஸி. சேர்க்கையில் தட்டுப்படுவது முதன்மைப் பாடத்தின் கிரெடிட் எவ்வளவு என்பது. நான்காண்டு முறையில் பிள்ளைகள் பல துறைத் தாள்களை எடுக்கிறார்கள். அதனால் முதன்மைப் பாடத்தின் பங்கு பழைய பி.ஏ.யைவிடக் குறைந்து தெரியலாம். கேரளத்தில் படித்துத் தமிழ்நாட்டில் முதுகலை என்று நினைப்பவர்கள் விருப்பத் தாள்களையும் கூடுமானவரை அதே துறையில் எடுப்பது பாதுகாப்பு.

முதல் ஹானர்ஸ் அணி 2028இல் வெளியே வரும். நான்காண்டு முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை என்பது யுஜிசி வகுத்த வழி. தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டத்திலேயே நிற்கிறது. பாலக்காட்டிலிருந்து ஹானர்ஸோடு கோவைக்கு வருகிறவரை முதுகலை இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ப்பதா, முதலாண்டிலிருந்தா என்பதை எல்லைக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகங்கள் இப்போதே எழுதி வைத்தால் அந்த அணிக்கு ஓராண்டு மிச்சமாகும்.

மாநிலம் மாறும் பட்டதாரி கல்லூரியை விட்டு வரும்போதே மைக்ரேஷன் சான்று, புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்று), எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், சிஜிபிஏவைச் சதவீதமாக்கும் வாய்பாடு எழுதிய கடிதம் ஆகியவற்றை வாங்கிவிட வேண்டும். படித்த ஆண்டின் பாடத்திட்ட நகலில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கட்டும். சமநிலைச் சான்று கேட்கும் பல்கலைக்கழகம் முதலில் கேட்பது அந்த நகலைத்தான். பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய நகலைத் தேடுவது பெரும்பாடு. புதுப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பதைச் சேர்க்கை அறிவிப்பு வரும்வரை தள்ளிப் போடாதீர்கள். அது கைக்கு வர வாரங்கள் ஆகும், சேர்க்கைக்குக் கொடுக்கும் அவகாசம் பல இடங்களில் அதைவிடக் குறைவு.